பைக்குள் சுருண்ட வேர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நர்சரியில் வாங்கிய புங்கன் கன்றின் பையைக் கிழித்தால், வேர்கள் அடியில் வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடக்கின்றன. “மண்ணில் வைத்தால் தானே நேராகிவிடும்” என்கிறார் விற்றவர். சரிதானா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: நேராகாது. புதிதாகக் கிளம்பும் சல்லி வேர்கள்தான் வெளியே ஓடும். ஏற்கெனவே முற்றிச் சுருண்ட வேர் அந்த வளைவிலேயே நின்று பருக்கும், தண்டும் பருக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும்போது தூர்ப்பட்டை நசுங்கி, இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காமல் போகும். இதில் ஏமாற்று என்னவென்றால், முதல் சில ஆண்டுகள் மரம் செழிப்பாகவே தெரியும். இலை சிறுத்து நுனிக்கிளை காய ஆரம்பிக்கும்போது வேர் தூரை நன்றாகவே நெரித்திருக்கும்.

நடுவதற்கு முந்தின நாள் மாலை பைக்குத் தண்ணீர் விடுங்கள். மண் கட்டி உதிராது. பையை உருவாமல் பிளேடால் கீறி எடுங்கள். மயிரிழை வேர்கள்தான் என்றால் விரலால் கோதிவிட்டால் போதும். பென்சில் கனத்துக்கு வந்துவிட்டால் அறுத்துத்தான் ஆக வேண்டும். அடியில் பாய் போலப் படிந்திருப்பதை ஓர் அங்குலத்துக்குக் கூரான கத்தியால் சீவி எறியுங்கள். பக்கங்களையும் சுற்றிலும் சீவுங்கள்: சின்னப் பை என்றால் அரை அங்குலம், பெரிய பை என்றால் ஒரு அங்குலம். நாலு பக்கமும் கோடு போல் கீறிவிடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதில் வேர் துண்டாகும், ஆனால் வளைந்த துண்டுகள் அதே இடத்தில் இருந்து மறுபடி வளைவாகவே வளரும். சீவுவதே மேல்.

இதைவிட ஆபத்தானது உள்சுற்று. சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றிய கன்றில், பழைய பையின் சுருள் உள்ளே மறைந்திருக்கும். தண்டை ஒட்டிய மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலால் கிளறிப் பாருங்கள். தண்டுக்குக் குறுக்கே ஓடும் வேர் தட்டுப்பட்டால், அது திரும்பத் தொடங்கும் இடத்திலேயே வெட்டிவிடுங்கள். ஆணிவேரே கொக்கி போல் மடிந்திருந்தால் கன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காசு போனாலும் பரவாயில்லை, நடாதீர்கள்.

வேர் குறைத்த கன்றை மழைக்காலத்தில், மாலை நேரத்தில் நடுங்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையே வேண்டாம். இரண்டு வாரம் தென்னங்கீற்று நிழல் கொடுங்கள்.

கேள்வி: ஒட்டு மாங்கன்று நட்டு ஐந்து வருடம் ஆகிறது. ஒரு பக்கம் தூர் தட்டையாக, நட்ட கம்பம் போல் மண்ணுக்குள் இறங்குகிறது. தள்ளினால் அடியில் ஆடுகிறது.
– வாசகர், நத்தம்

பதில்: தூர் அகலாமல் தட்டையாக இருக்கும் பக்கத்தில்தான் பெரும்பாலும் நெரிக்கும் வேர் இருக்கும். மண்வெட்டி போடாதீர்கள், கைக்கொத்தால் தூரைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மண்ணை விலக்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் வேர் வெளிப்படும். தண்டை அழுத்தும் வேரை, தண்டைத் தொடும் பகுதிக்கு இருபுறமும் உளியால் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். பட்டைக்குள் புதைந்து ஒட்டியிருந்தால் அந்தத் துண்டைத் தோண்ட வேண்டாம். இருபுறமும் வெட்டியதே போதும், அது மட்கிவிடும். பெரிய வேர்கள் பல இருந்தால் ஒன்றை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் வெட்டுங்கள்.

பூக்கும் காலத்தில் கை வைக்காதீர்கள். அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது சேர்த்துச் செய்யலாம். வேரின் வெட்டுவாயில் எதுவும் பூச வேண்டாம். தண்டில் உளி பட்டிருந்தால் மட்டும் போர்டோ பசை: மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். மரம் ஆடுவதால் ஓர் ஆண்டுக்கு முட்டுக்கொடுத்து, பட்டையை அறுக்காத துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் நசுங்கியிருந்தால் புதுக்கன்றுதான் வழி.

கேள்வி: பையில் வளர்ந்த தென்னங்கன்றிலும் வேர் சுற்றியிருக்கிறது. வெட்டலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். தென்னை, பாக்கு வேர்கள் ஆண்டுதோறும் பருப்பதில்லை, அதனால் தூரை நெரிக்காது. பையை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே நடுங்கள்.

கேள்வி: கன்றைச் சரிசெய்துதான் நட்டோம், டிராக்டர் குழிக்கருவியில் எடுத்த குழி. மூன்றாண்டு கழித்துத் தோண்டிப் பார்த்தால் மறுபடி வேர் சுற்றுகிறது. ஏன்?
– வாசகர், மணப்பாறை

பதில்: ஈர மண்ணில் அந்தக் கருவி சுழலும்போது குழிச்சுவர் வழவழவென்று இறுகிவிடும். வேருக்கு அது இன்னொரு பைதான். நடுவதற்கு முன் கடப்பாரையால் சுவரைச் சுற்றிலும் கொத்திவிடுங்கள். குழி வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால் இன்னும் நல்லது. சொட்டுநீர் வாய் தூரிலேயே இருந்தாலும் வேர் அங்கேயே தேங்கும். முதல் ஆண்டு முடிந்ததும் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள்.