யூ.டி.வி. வாங்கப் போகிறீர்களா? மாடல் பெயரைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள்

கேள்வி: மேடு பள்ளமான சொந்த நிலத்தில் உர மூட்டை, தண்ணீர் டேங்க், வேலிக் கம்பம் எல்லாம் ஏற்றி இறக்க ஒரு யூ.டி.வி. வாங்கலாம் என்று இருக்கிறேன் (ஆட்கள் அருகருகே உட்கார்ந்து போகும், பின்னால் சுமைத்தட்டு உள்ள நான்கு சக்கர வண்டி, சைடு-பை-சைடு என்றும் சொல்வார்கள்). பக்கத்து நிலத்துக்காரர் வாங்கியது ஒரே வருடத்தில் எஞ்சின் சக்தியைக் கடத்தும் பெல்ட் மூன்றைத் தின்றுவிட்டது. அது வாரண்டியில் வராது என்று டீலர் கையை விரித்துவிட்டார். நான் ஒரு மாடலை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன், ஆனால் ஆர்டர் ஃபார்மில் "வாய்மொழியாகச் சொன்ன எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது, அச்சிட்ட வாரண்டியைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது" என்று ஒரு வரி இருக்கிறது. நம்பகமான வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? நாளைக்குப் பழுதானால் சட்டப்படி எனக்கு என்ன பிடிமானம்? பழைய வண்டி ஒன்றும் விலைக்கு வருகிறது, அதை வாங்கலாமா?

பதில்: எந்த கம்பெனி வண்டி நல்லது என்று வக்கீலிடம் கேட்டால் பதில் கிடைக்காது. ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலேயே உங்கள் வழக்கின் பாதி முடிவாகிவிடுகிறது, அதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். நீங்கள் ஷோரூமுக்குப் போய் "இந்த மாடல்தான் வேண்டும், எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

காரணம் இதுதான். எந்த நாட்டில் இருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் தமிழ் படிக்கிறவர்கள் வாழும் நாடுகளில் பெரும்பாலானவற்றில் பொருள் விற்பனைச் சட்டம் ஒரே வேரில் இருந்து வந்தது, இங்கிலாந்தின் 1893ஆம் வருடச் சட்டம். இலங்கையில் 1896, இந்தியாவில் 1930, மலேசியாவில் 1957 என்று வருடங்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். வாங்குபவர் தனக்கு என்ன வேலைக்காகப் பொருள் வேண்டும் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் ஓரளவாவது ஏற்றதாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அந்த நிபந்தனை அதற்குள் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் இது 16ஆம் பிரிவு.

அதே பிரிவின் வாலில் ஒரு விலக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கினால் அந்த நிபந்தனை கிடையாது. அதாவது மாடல் பெயரைச் சொல்லி நீங்களாகக் கேட்டு வாங்கிவிட்டால், "அவரே தேர்ந்தெடுத்தார், எங்களை நம்பி வாங்கவில்லை" என்று டீலர் சொல்லிவிட்டுப் போகலாம். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் இந்த விலக்கை எடுத்துவிட்டார்கள், இந்தியாவிலும் மலேசியாவிலும் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுத்துவிட்ட நாட்டில் இருந்தாலும் டீலரின் யோசனையை நம்பித்தான் வாங்கினீர்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும்.

இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, பால்ட்ரி எதிர் மார்ஷல், 1925. ஒருவர் டீலரிடம் போய், சுற்றுப்பயணத்துக்கு வசதியான கார் வேண்டும் என்று சொல்கிறார். டீலர் புகாட்டியைப் பரிந்துரைக்கிறார். வாங்கிப் பார்த்தால் வசதிக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமே இல்லை, இவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கிறார். டீலர் தரப்பு இரண்டு வாதம் வைத்தது. புகாட்டி என்று பெயர் சொல்லித்தானே வாங்கினார் என்பது ஒன்று, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே என்பது இன்னொன்று. இரண்டும் எடுபடவில்லை. பெயர் இருந்தாலும் வாங்கியவர் டீலரின் யோசனையைத்தான் நம்பினார் என்று நீதிமன்றம் சொன்னது. தவிர, சட்டத்தில் உத்தரவாதம் வேறு, நிபந்தனை வேறு, நிபந்தனை மீறப்பட்டால்தான் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியும். அந்த வரி உத்தரவாதத்தைத்தான் விலக்கியதே தவிர, வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையை விலக்கவில்லை என்றும் சொல்லிவிட்டது. பணம் திரும்பக் கிடைத்தது. உங்கள் ஆர்டர் ஃபார்மில் இருக்கும் வரியைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தத் தீர்ப்புதான். ஆனால் இன்றைய ஃபார்ம்களை எழுதுகிறவர்களும் அதைப் படித்தவர்கள்தான், "நிபந்தனை" என்ற சொல்லையும் சேர்த்து விலக்கி எழுதுகிறவர்கள் உண்டு. உங்கள் ஃபார்மை முழுக்கப் படித்துப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முன்பணம் கட்டுவதற்கு முன் டீலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வழவழவென்று இல்லாமல், வேலையை எண்களோடு சொல்லுங்கள். கிட்டத்தட்ட இப்படி: "தினமும் சுமார் 3 மணி நேரம் ஓடும். பின்தட்டில் 300 கிலோ வரை ஏற்றுவேன். கூடவே ஓட்டுநரும் இன்னொருவரும் இருப்பார்கள். பாதையில் செங்குத்தான ஏற்றம் உண்டு, மழைக்காலத்தில் சேறு. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் டேங்க் வைத்த டிரெய்லரை மெதுவாக இழுக்க வேண்டும். இந்த வேலைக்கு நீங்கள் பரிந்துரைக்கும் வண்டி எது? பெல்ட் சராசரியாக எவ்வளவு நாள் வரும்? உங்கள் பரிந்துரையை வைத்துத்தான் வாங்கப் போகிறேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதில் வாட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் வரட்டும். போனில் சொன்னால், "நீங்கள் இன்று போனில் சொன்னபடி" என்று ஆரம்பித்து நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர் மறுக்காவிட்டால் அதுவும் ஒரு சான்றுதான். அப்புறம் அந்த மின்னஞ்சலின் தேதியைக் குறிப்பிட்டு, "இதில் சொன்ன பயன்பாட்டுக்காக வாங்கப்படுகிறது" என்று ஆர்டர் ஃபார்மில் கையால் ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அச்சிட்ட பொது வரிக்கும் கையால் எழுதிய வரிக்கும் முரண் வந்தால், கையால் எழுதியதற்குத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக அதிக எடை கொடுக்கும். கையெழுத்துப் போட டீலர் தயங்குகிறாரா? வண்டியைப் பற்றி அவருக்கே எவ்வளவு நம்பிக்கை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தாளில் இரண்டு எடை போட்டிருப்பார்கள், பின்தட்டு தாங்கும் எடை ஒன்று, வண்டி மொத்தமாகத் தாங்கும் எடை ஒன்று. மொத்த எடையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களும், நீங்கள் பிறகு மாட்டிய வின்ச்சும் கூரையும் அடக்கம். இரண்டு ஆள் ஏறினாலே அதில் 150 கிலோ போய்விடும், மிச்சம் இருப்பதுதான் தட்டுக்கு. இழுவை எடையும் பெரும்பாலும் சமதளத்துக்குச் சொன்னது, ஏற்றத்தில் குறைத்துக்கொள்ளச் சொல்லி கையேட்டில் இருக்கும். வாரண்டி மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் காரணம் "அதிகச் சுமை" என்பதால் இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பெல்ட். பக்கத்து நிலத்துக்காரருக்கு நடந்தது சட்டப்படி கொஞ்சம் சிக்கலானது. பெரும்பாலான யூ.டி.வி.களில் எஞ்சினின் சக்தி ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. பாரத்தை ஏற்றிக்கொண்டு உயர் கியரில் மெதுவாக ஏற்றம் ஏறினால் பெல்ட் வழுக்கிச் சூடேறும், கருகிய வாடை வரும், ஓரிடத்தில் பளபளவென்று தேய்ந்து அப்புறம் அறுந்துபோகும். ஏற்றத்திலும் பாரத்திலும் தாழ் கியரைப் போடச் சொல்லி கையேட்டில் தெளிவாகவே இருக்கும், பல நிறுவனங்கள் பெல்ட்டைத் தேய்மானப் பொருள் பட்டியலிலும் சேர்த்துவிடும். அதனால் ஒரு பெல்ட் போனதை வைத்து வழக்கு நிற்காது. ஆனால் தாழ் கியரில் ஓட்டியும் திரும்பத் திரும்ப அறுகிறது என்றால் பழுது பெல்ட்டில் இல்லை, பெல்ட் சுற்றும் கிளட்ச் புல்லியின் சீரமைப்பிலோ பெல்ட்டைக் குளிர்விக்கும் காற்றுக் குழாயிலோ இருக்கலாம். அவை தேய்மானப் பொருள் அல்ல. அவர் இந்தக் கோணத்தில் எழுதிக் கேட்டாரா என்று விசாரியுங்கள்.

பெல்ட் தலைவலியே வேண்டாம் என்றால் பெல்ட் இல்லாத வண்டிகளும் உண்டு. ஹோண்டா பயனியர் 1000இல் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், குபோட்டாவின் ஆர்.டி.வி. டீசல் வண்டிகளில் ஹைட்ரோஸ்டேட்டிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்தியைக் கடத்தும் முறை. தினமும் பாரத்தோடு மெதுவாக ஓடும் வேலைக்கு என் கண் இந்தப் பக்கம்தான் போகும், வேகம் குறைவு என்பது உங்களுக்கு ஒரு குறையே இல்லை. மறுபுறம் யமஹா அமெரிக்காவில் தன் சில மாடல்களுக்கு பெல்ட்டுக்கே 10 வருட வாரண்டி தருகிறது. ஒரு நிறுவனம் எதற்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கிறது என்று பாருங்கள், விளம்பரத்தில் சேற்றைத் தெறிக்கவிட்டுப் பாய்வதைப் பார்க்காதீர்கள். அந்த வாரண்டி உங்கள் நாட்டில் செல்லுமா என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் இறக்குமதி செய்து விற்பவர் தரும் வாரண்டி வேறாக இருக்கலாம்.

வாங்குவதற்கு முன் அந்த மாடலை ஏதாவது குறைக்காகத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்றாரா என்று தேடுங்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதையெல்லாம் பொதுவில் வெளியிடுகிறது, எந்த நாட்டில் இருந்தும் பார்க்கலாம். 2009இல் யமஹா ரைனோ 450, 660 வண்டிகள் கவிழ்வது பிரச்சினையானபோது பின்சக்கரங்களுக்கு இடைத்துண்டு வைத்து, பின் ஆன்ட்டி-ஸ்வே பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றித் தந்தார்கள். போலாரிஸ் ஆர்.இசட்.ஆர். வண்டிகள் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2016இல் ஒரு லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. குறையை உடனே தெரிவிக்கவில்லை என்று 2018இல் அந்த நிறுவனம் 2.725 கோடி டாலர் சிவில் அபராதமும் கட்ட வேண்டியிருந்தது. திரும்பப் பெற்றதாலேயே ஒரு வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை, உங்கள் கையில் வரும் வண்டியில் அந்தக் குறையைச் சரிசெய்யும் வேலை முடிந்ததா என்பதுதான் கேள்வி. சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

டெலிவரி அன்று அவசரப்படாதீர்கள். பார்த்தால் தெரியக்கூடிய குறையைப் பார்க்காமல் வாங்கியதாகப் பிறகு சொல்ல முடியாது. பழுது வந்தால் முதல் தடவையே எழுத்தில் தெரிவியுங்கள். ஜாப் கார்டில் "பொது சர்வீஸ்" என்று போட விடாமல் நீங்கள் சொன்ன புகாரை அப்படியே எழுதச் சொல்லுங்கள், வண்டி ஓடிய மணிக்கணக்கையும் குறிக்கச் சொல்லுங்கள். குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தால் வண்டியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அப்புறம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமை போய் இழப்பீடு மட்டும்தான் மிஞ்சும். பிரிட்டனில் நுகர்வோருக்கு 30 நாள் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள், மற்ற இடங்களில் "நியாயமான காலம்". இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும், ஆனால் சுயதொழிலாக, சொந்தப் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறவரை 2019ஆம் வருடச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. நிறுவனத்தின் பெயரில் பில் போட்டால் இந்த வாதம் பலவீனமாகும், யோசித்துச் செய்யுங்கள். இன்னொன்று, "கம்பெனிதான் சொல்லணும்" என்று டீலர் உங்களை அலைய விட முடியாது. பணம் வாங்கியது அவர், ஒப்பந்தம் அவரோடு. கம்பெனி வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் தனி உரிமை.

கூடவே இரண்டு விஷயம், சுருக்கமாக. இந்த வண்டிகள் பெரும்பாலும் பொதுச் சாலைக்கு உரியவை அல்ல, சாலையைக் குறுக்கே கடப்பதற்குக்கூட உங்கள் ஊர் விதியைப் பாருங்கள், சாலையில் விபத்தானால் காப்பீடு கைவிட்டுவிடலாம். அடுத்து, விருந்தாளிகளையும் பிள்ளைகளையும் ஏற்றும்போது சீட் பெல்ட்டும் பக்க வலையும் மாட்டாமல் ஓட்டி வண்டி கவிழ்ந்தால் முதல் பொறுப்பு ஓட்டியவருக்கும் உங்களுக்கும்தான், தயாரிப்பாளருக்கு அல்ல. டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளை அவர்கள் உங்களுக்கு எதிராகத்தான் காட்டுவார்கள், அதைக் கிழிக்கவும் வேண்டாம்.

பழைய வண்டி. விற்பவர் டீலர் இல்லாமல் தனி ஆள் என்றால், மேலே சொன்ன வேலைக்கு ஏற்ற நிபந்தனை அநேகமாகக் கிடைக்காது, அது இந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான். மிஞ்சுவது அவர் சொன்னது பொய்யா என்பது மட்டும். அதனால் நிறையச் சொல்ல வையுங்கள், எழுத்தில். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. காற்று வடிகட்டிப் பெட்டியின் உட்புறத்தில் காய்ந்த சேறு இருந்தால் அதற்குமேல் பேச்சே வேண்டாம். கிலோமீட்டரை மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள், சராசரி மிகவும் குறைவாக வந்தால் வண்டி பாரத்தில் ஊர்ந்தோ நின்ற இடத்தில் ஓடியோ தேய்ந்திருக்கிறது. மூழ்கியதில்லை, கவிழ்ந்ததில்லை, மீட்டர் மாற்றப்படவில்லை, கடன் பாக்கி இல்லை என்ற நான்கையும் சேசிஸ் எண்ணோடு ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். கடன் இருந்தது என்றால், கொடுத்த நிறுவனத்திடமிருந்து தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.