எலுமிச்சை: எதைப் பார்த்து வாங்குவது, எதற்கு வைத்துக்கொள்வது?

கேள்வி: பெரிதாகப் பளபளவென்று இருக்கிறதே என்று வாங்கினால் பாதி தோலாக இருக்கிறது. மிச்சமும் சில நாட்களில் காய்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பழத்தின் அளவை விட்டுவிட்டுக் கனத்தைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டை இரு கையிலும் ஏந்தினால், எது கனக்கிறதோ அதில்தான் சாறு. தோல் வழவழப்பாக, அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். மேடும் பள்ளமுமாக இருந்தால் தோல் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம்.

தோல் வழியாக ஈரம் போவதால்தான் பழம் காய்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு வாரம் தாங்கும். அதற்கும் மேல் இருந்தால் சாறு பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வையுங்கள்.

ஒரு வேண்டுகோள்: பிழிவதற்கு முன்பே மஞ்சள் தோலை மட்டும் மெல்லத் துருவி எடுத்துவிடுங்கள். மணம் முழுக்க அந்தத் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது. கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். மெழுகு பூசிய பழமென்றால் முதலில் வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள். கொதிக்கவிட்டால் மணமும் வைட்டமின் சி-யும் குறையும். பயறு வேகும் முன்பே விட்டாலோ, அது மசிய மறுக்கும்.

கேள்வி: பாட்டில் சாறு பழத்துக்கு ஈடாகுமா?

பதில்: புளிப்புக்கு ஆகும், மணத்துக்கு ஆகாது. லேபிளைப் படியுங்கள். சிலவற்றில் கெடாமல் இருக்க சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருளைச் சேர்ப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. படத்தில் மட்டும் எலுமிச்சை இருக்கும் பானங்களும் உண்டு, உள்ளே சிட்ரிக் அமிலமும் வாசனையும்தான்.

கேள்வி: எலுமிச்சை இருந்தால் வீடு துடைக்க வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: அது மிகைப்படுத்தல். சாற்றில் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். குழாயிலும் கெட்டிலிலும் படியும் வெள்ளை உப்பை அது கரைக்கும். செம்பு, பித்தளையின் கறுப்பையும் எடுக்கும். இதற்கெல்லாம் பிழிந்து மிஞ்சிய மூடியே போதும், நல்ல பழத்தை வீணாக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோப்புதான் சரி. சமையல் சோடாவோடு கலந்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். சோடாவைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் பயன்படுத்துங்கள்.

பளிங்கில் மட்டும் சாறு படவே கூடாது. அதுவும் அமிலத்தில் கரையும் சுண்ணாம்புக் கல்தான், ஒரு துளி விழுந்தாலும் மெருகு போய்விடும். ப்ளீச்சுடன் ஒருபோதும் கலக்காதீர்கள்: குளோரின் வாயு கிளம்பி மூச்சையே அடைக்கும்.

நிறையப் பழம் பிழிந்த கையோடு வெயிலில் போகவும் வேண்டாம். சாறு பட்ட இடத்தில் தோல் வெந்து கொப்புளமாகலாம். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கிளம்புங்கள்.