கேள்வி-பதில்: வீட்டில் செய்யும் ஹேர் மாஸ்க்குக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: ‘இயற்கை’ என்று அச்சிட்ட ஹேர் மாஸ்க் டப்பாக்களை மாறி மாறி வாங்கிப் பணம் செலவானதுதான் மிச்சம். சாயம் பூசியதால் என் முடி வறண்டு, நுனி பிளந்திருக்கிறது. வீட்டிலேயே மாஸ்க் செய்துகொண்டால் கடையில் வாங்குவதற்கு ஈடான பலன் கிடைக்குமா?

பதில்: ஓரளவு கிடைக்கும். எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால், வீண் செலவும் ஏமாற்றமும் குறையும்.

தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்ற கெரட்டின் புரதத்தால் ஆனது. அதன் மேற்புறம் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. சாயமும் சூடும் இந்தச் செதில்களைத் தேய்த்து உயர்த்திவிடுவதால்தான் முடி சொரசொரப்பாகிச் சிக்குகிறது. சேதமடைந்த முடியின் பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருக்கும். கடைக் கண்டிஷனர்களில் சேர்க்கப்படும் நேர்மின்னூட்டப் பொருள்கள் அந்த இடங்களைத் தேடி ஒட்டிக்கொண்டு, அலசிய பின்னும் மெல்லிய படலமாக நின்றுவிடுகின்றன. வீட்டில் கலக்கும் எண்ணெய்க்கும் கற்றாழைக்கும் அந்தத் திறன் கிடையாது. ஷாம்பூ போட்டதும் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும்.

ஆனால் தேங்காய் எண்ணெய்க்கு வேறொரு சிறப்பு உண்டு. அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, கிளைகள் இல்லாதது; ஆகவே அது முடியின் உள்ளே புகுகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு முன் பூசினாலும் பலன் இருந்தது. எனவே வீட்டு மாஸ்க்கை அலசலுக்கு முந்தைய பாதுகாப்பாகவும், கண்டிஷனரைப் பிந்தைய பூச்சாகவும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. பிளந்த நுனியை மீண்டும் ஒட்டவைக்கும் பொருள் இதுவரை எந்த டப்பாவிலும் வந்ததில்லை. அதைக் கத்தரித்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: அப்படியானால் என்னென்ன வாங்க வேண்டும், எப்படிக் கலக்க வேண்டும்?

பதில்: வேறெதுவும் கலக்காத தேங்காய் எண்ணெய், ஒரு கற்றாழை மடல், கொஞ்சம் தேன் ஆகியவை போதும். ‘பதினெட்டு மூலிகை’ என்று சொல்லிவிட்டு எந்த மூலிகை எவ்வளவு என்று சொல்லாத பொடிப் பாக்கெட்டுகளை வாங்காதீர்கள். ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கற்றாழை மடலை அறுத்தவுடன் வெட்டுவாயில் மஞ்சள் நிறப் பால் கசியும். அதில் உள்ள அலோயின் தோலை அரிக்கக்கூடியது. ஆகவே மடலை ஒரு கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்து, அந்தப் பால் வடிந்து நின்ற பிறகு நன்றாகக் கழுவி, தோலைச் சீவி, நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுங்கள். தோள்வரை நீளமுள்ள முடிக்கு மூன்று மேசைக்கரண்டி கற்றாழைச் சோறு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி தேன் என்ற அளவில் மிக்சியில் அடித்தால் வெண்மையான, வழுவழுப்பான கலவை கிடைக்கும். சற்று நேரம் வைத்தால் எண்ணெய் பிரிந்து மேலே வரும் என்பதால், அடித்த உடனே பூசிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். குளிரான நாளில் பாத்திரத்தோடு வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள், அடுப்பில் நேரடியாகச் சூடேற்ற வேண்டாம்.

முடியை இலேசாக ஈரமாக்கி, நடுப்பகுதியிலிருந்து நுனிவரை பூசி, அகலப் பல் சீப்பால் வாரிவிட்டு, இருபது முதல் முப்பது நிமிடம் கழித்து ஷாம்பூ போட்டு அலசினால் போதும். இரவு முழுவதும் ஈரக்கலவையுடன் படுப்பதால் கூடுதல் பலன் இல்லை. நீரில் நெடுநேரம் ஊறுவது முடியை உப்ப வைத்துப் பலவீனப்படுத்தவே செய்யும். அலசிய பிறகு குளியலறைத் தரையையும் கழுவிவிடுங்கள், எண்ணெய் படிந்த ஓடு வழுக்கும்.

கற்றாழை ஒத்துக்கொள்ளாதவர்கள் வெந்தயத்தை இரவெல்லாம் ஊறவைத்து அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தெடுத்த கொழகொழப்பான சாற்றைப் பயன்படுத்தலாம். விரல்களுக்கிடையே முடி நழுவுவதை உடனே உணர்வீர்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவர்கள் தவிர்ப்பது நல்லது. எதைப் பூசுவதாக இருந்தாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, 24 முதல் 48 மணி நேரம் வரை அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முட்டை புரதம் தருகிறது, எலுமிச்சை பளபளப்பு தருகிறது, சமையல் சோடா அழுக்கை நீக்குகிறது என்கிறார்களே?

பதில்: முட்டையின் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. கடைப் பொருள்களில் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்ப்பது இதற்காகத்தான். மஞ்சள் கருவின் கொழுப்பும், லெசித்தின் என்ற கொழுப்பு வகைப் பொருளும் ஓரளவு மென்மை தரும் என்றாலும், வெந்நீரில் அலசினால் முட்டை தலையிலேயே வெந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு தோலுக்குத் தாங்காத அமிலத்தன்மை கொண்டது, சோடா அதற்கு நேர்மாறாகக் காரத்தன்மை மிகுந்து செதில்களைத் தூக்கிவிடும். வறண்ட முடிக்கு இரண்டுமே வேண்டாம்.

கேள்வி: ஒரு மாதத்துக்குத் தேவையான மாஸ்க்கை மொத்தமாகச் செய்து, கெடாமலிருக்க வைட்டமின் ஈ மாத்திரைகளை உடைத்து ஊற்றினேன். பத்தாம் நாள் புளித்த வாடை வந்தது. மாத்திரை போலியா?

பதில்: மாத்திரை சரியாகவே இருந்திருக்கும், அதன் வேலை வேறு. வைட்டமின் ஈ எண்ணெய் காற்றுபட்டுச் சிக்குவாடை அடிப்பதைத் தாமதப்படுத்தும், ஆனால் கிருமிகளையும் பூஞ்சையையும் தடுக்காது. கற்றாழை பெரும்பாலும் நீர்தான். நீரும் சர்க்கரையும் இருக்குமிடத்தில் கிருமிகள் பெருகும். தேன் தனியாக இருக்கும்போது கெடாது, ஆனால் நீர் கலந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்தக் கலவையைக் கொட்டிவிடுங்கள். ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். மிஞ்சினால் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மொத்தமாக வாங்கிவைக்க ஏற்றது எண்ணெய் மட்டுமே, அதையும் வெளிச்சம் படாத இடத்தில் இறுக மூடி வையுங்கள்.

கேள்வி: பொடுகு இருப்பவர்கள் பூசலாமா?

பதில்: முடியின் நீளத்தில் பூசலாம், உச்சந்தலையில் வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற ஈஸ்ட் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களை உண்டு வளர்வது. செதில் உதிர்வதோடு சிவப்பும் எரிச்சலும் இருந்தால் மாஸ்க்கை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: செய்ய நேரமில்லாதபோது கடையில் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. முகப்பில் தேங்காய்ப் படம் போட்ட டப்பாவில் உண்மையிலேயே தேங்காய் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது?

பதில்: துல்லியமான அளவு பெரும்பாலும் தெரியாது, வரிசை தெரியும். பல நாடுகளின் விதிப்படி உள்ளடக்கப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிடப்படுகிறது. 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். தேங்காய் எண்ணெய் அங்கே ‘கோக்கோஸ் நூசிஃபெரா’ என்ற தாவரப் பெயரில் இருக்கும். அது வாசனைப் பொருளுக்கும் பதனப் பொருளுக்கும் பின்னால் கடைசியில் நின்றால், பேருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ‘பாரஃபினம் லிக்விடம்’ என்று முன்வரிசையில் இருந்தால் அது கனிம எண்ணெய். கெடுதலான பொருள் அல்ல, முடிக்கு மேலே வழுவழுப்பும் தரும். ஆனால் தேங்காய் எண்ணெய்க்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கு உலகெங்கும் பொருந்தும் ஒரே சட்ட வரையறை கிடையாது. ஆகவே அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். திறந்த டப்பா வடிவச் சின்னத்துக்குள் 6 அல்லது 12 என்று எண் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று பொருள். ஈர விரலை உள்ளே விட்டால் அதற்கு முன்பே கெட்டுவிடலாம், உலர்ந்த கரண்டியால் எடுங்கள். பயன்படுத்தித் தலையில் தடிப்போ அரிப்போ வந்தால், டப்பாவைத் தூக்கி எறியாமல் ரசீதோடும் தயாரிப்புத் தொகுதி எண்ணோடும் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது அவைதான்.