டியூப் போடச் சிரமமாகுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? கேள்வி பதில்

மயக்க மருந்துத் துறையில் இருக்கிறேன். பெரியவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பு, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது கஷ்டமாக இருக்குமா என்று எப்படிக் கணிப்பது? இன்றைக்கு அதை மட்டும் பேசலாம். மருந்து அளவு, எந்தப் புத்தகம் படிப்பது எல்லாம் இன்னொரு நாள்.

கேள்வி: முதுநிலை முதலாண்டு, சார். மாலம்பட்டி பார்க்கும்போது நோயாளியை 'ஆ' சொல்லச் சொல்லலாமா?

வேண்டாம். வாய்க்குள் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து வகுப்புப் போடும் டெஸ்ட்தான் மாலம்பட்டி, குறைவாகத் தெரிந்தால் வகுப்பு எண் கூடும். உட்கார வைத்து, தலை நேராக இருக்க, வாயை முடிந்தவரை திறந்து நாக்கை முழுக்க நீட்டச் சொல்லுங்கள், சத்தம் வரக்கூடாது. 'ஆ' என்றதும் மென் அண்ணம் மேலே தூக்கிக்கொள்ளும், அதுவரை நாக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த உண்ணாக்கு எட்டிப்பார்க்கும், மூன்றாம் வகுப்பு இரண்டாகிவிடும். நீங்களும் 2 என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவீர்கள். 1985-ல் டாக்டர் மாலம்பட்டி எழுதியபோது மூன்று வகுப்புகள்தான். கடின அண்ணம் மட்டுமே தெரிகிற நான்காவதை 1987-ல் சாம்சூனும் யங்கும் சேர்த்தார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைக் கேட்பார்கள்.

கேள்வி: டாக்டர், நான் நோயாளி. போன ஆபரேஷனில் டியூப் போட ரொம்பச் சிரமப்பட்டதாகச் சொன்னார்கள். இப்போது பித்தப்பை ஆபரேஷன் வருகிறது. இதைச் சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. இன்று வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாங்கள் விரல் வைத்து அளக்கிற எந்தப் பரிசோதனையையும்விட, 'முன்பு ஒருமுறை கஷ்டமாக இருந்தது' என்ற ஒரு வரி எங்களுக்கு அதிகம் சொல்லும். பழைய மருத்துவமனையில் மயக்க மருந்துக் குறிப்பின் நகல் கேளுங்கள். மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுக்க முடிந்ததா, தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பில் குரல்நாண்கள் எவ்வளவு தெரிந்தன, கடைசியில் எந்தக் கருவியால் உள்ளே போனது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். நகல் கிடைக்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் சர்ஜனிடம் மட்டும் இல்லை, மயக்க மருந்து கொடுப்பவரிடமே. சில பேருக்கு விழித்திருக்கும்போதே, தொண்டையை மரக்கச் செய்து, வளையும் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் மூலம் டியூப் போடுவோம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் மூச்சு உங்கள் கையிலேயே இருப்பதால் பாதுகாப்பான வழி. உங்களுக்கு அது தேவையா என்பதை நேரில் பார்ப்பவர் சொல்வார்.

கேள்வி: ஒரே ஒரு டெஸ்ட்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் எதைச் செய்வீர்கள்?

மேல் உதட்டைக் கடிக்கச் சொல்லும் டெஸ்ட். கீழ்ப்பற்களால் மேல் உதட்டைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே வரை கடிக்க முடிந்தால் வகுப்பு 1, கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டால் 2, உதட்டை எட்டவே முடியாவிட்டால் 3. தாடை எவ்வளவு முன்னால் வருகிறது, பல் எப்படித் துருத்துகிறது என்ற இரண்டும் ஒரே அசைவில் தெரிந்துவிடும். கான் குழுவினர் 2003-ல் எழுதியது. 2018-ல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வில் படுக்கையருகே செய்யும் டெஸ்டுகளில் இதற்குத்தான் அதிக உணர்திறன் (கஷ்டமானவர்களைப் பிடிக்கும் திறன்) கிடைத்தது, அதுவே நூற்றுக்கு 67தான், மாலம்பட்டி பாதியைச் சற்றுத் தாண்டியது. பல்லே இல்லாதவரிடம் இதைச் செய்ய முடியாது. ஒன்றோடு நிறுத்தவும் நிறுத்தாதீர்கள், வாய்த் திறப்பு 3 செ.மீ.க்குக் குறைவா, மோவாய்க்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் இடையே 6.5 செ.மீ. இருக்கிறதா, கழுத்து பின்னால் சாய்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: மாலம்பட்டி 4 வந்தால் டியூப் போடக் கஷ்டம்தானே?

இல்லை. 4 வந்தும் சுலபமாகப் போனவர்கள் ஏராளம்.

கேள்வி: மாலம்பட்டி 1 என்றால் பயமில்லைதானே?

அதுவும் இல்லை. நாக்கின் வேர்ப்பகுதியில் இருக்கும் டான்சில் திசு வீங்கியிருந்தால் வாயைத் திறந்து பார்த்து எதுவும் தெரியாது, மயக்கம் கொடுத்து ஸ்கோப் வைத்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: படுத்த நிலையில் மாலம்பட்டி பார்க்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். உட்கார வைத்து. இனி மாலம்பட்டி என்று தொடங்கும் கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: நான் மயக்கவியல் ஆலோசகர். டென்மார்க் தரவில் கஷ்டமான இன்டியூபேஷன்களில், அதாவது டியூப் போடல்களில், 93 சதவீதம் முன்கூட்டி எதிர்பார்க்கப்படவில்லை. பிறகு இந்தச் சடங்கெல்லாம் எதற்கு? எல்லாருக்கும் வீடியோ லாரிங்கோஸ்கோப் போட்டுவிட்டுப் போகலாமே.

வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 1,88,064 பேர். 93 சரிதான். அதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள், கஷ்டம் என்று எதிர்பார்த்தவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் உண்மையில் கஷ்டம் இருந்தது. காரணம் எளிய கணக்கு. 1000 பேரில் 50 பேருக்குக் கஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் பாதியைப் பிடித்தால் 25. கஷ்டமில்லாத 950 பேரில் பத்துக்கு ஒருவரைத் தவறாகக் காட்டினால் 95. ஆக எச்சரிக்கை மணி 120 முறை அடிக்கும், 25 முறைதான் நிஜம். அரிதான விஷயத்தைத் தேடும் எந்த டெஸ்டுக்கும் இதே கதிதான். ஆனால் அந்த 93 அன்றைய மருத்துவர்கள் எதிர்பார்த்தார்களா என்பதைத்தான் சொல்கிறது. எல்லா டெஸ்டையும் ஒழுங்காகச் செய்து பார்த்த கணக்கு இல்லை அது.

அதே ஆலோசகர்: சரி, மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நான் வீடியோதான் எடுக்கப்போகிறேன். டெஸ்ட் என் முடிவை மாற்றாது என்றால் எதற்கு?

வீடியோவால் தோல்விகள் குறைகின்றன, 2022 காக்ரேன் தொகுப்பாய்வும் அதையே சொல்கிறது, எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காதவருக்கு அந்த பிளேடை எங்கே வைப்பீர்கள்? ரத்தமும் வாந்தியும் கேமராவை மூடினால்? குரல்நாண்கள் திரையில் பளிச்சென்று தெரிந்தும் டியூப் வளைந்து திரும்பாமல் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர், முதுகெலும்பு இறுகியவர், முடக்குவாதத்தால் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்தவர், இவர்களை முன்பே கண்டுபிடிக்காமல் தூங்க வைத்துவிட்டால் உங்கள் வீடியோ தனியாக என்ன செய்யும்?

இன்னொருவர், இடையில்: இரண்டு பேரும் டியூபைப் பற்றியே பேசுகிறீர்கள். மாஸ்க்கில் மூச்சுக் கொடுக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லையே?

அப்பாடா, ஒருவராவது கேட்டார். டியூப் போகாவிட்டால் ஆள் இறக்கமாட்டார், ஆக்ஸிஜன் போகாவிட்டால் இறப்பார். லாங்கெரான் குழு 2000-த்திலேயே மாஸ்க் சிரமத்துக்கு ஐந்து அடையாளம் சொல்லிவிட்டது: 55 வயதுக்கு மேல், பிஎம்ஐ 26-க்கு மேல், தாடி, பல் இல்லாமை, குறட்டை. தாடியில் இன்னொரு சங்கடம், மாஸ்க் ஒட்டாது என்பதோடு உள்ளே சின்ன மோவாய் இருந்தாலும் மறைத்துவிடும். கையால் தொட்டுப் பாருங்கள். அப்படியே கழுத்தின் முன்பக்கத்தில் கிரிக்கோதைராய்டு சவ்வையும் (வேறு வழியே இல்லாதபோது மூச்சுக்குத் துளை போடும் இடம்) தடவிப் பார்த்துவிடுங்கள், பருமனான பெண்களிடம் அது விரலுக்கு அகப்படுவது கடினம், அல்ட்ராசவுண்டில் அடையாளம் போட்டு வையுங்கள்.

ஆலோசகர்: ஆக நீங்கள் கணிப்புக்காக டெஸ்ட் செய்யவில்லை, திட்டம் போடத்தான் செய்கிறீர்கள்.

கிட்டத்தட்ட. பிரிட்டனில் 2011-ல் வந்த நான்காம் தேசியத் தணிக்கையைப் புரட்டுங்கள், மூச்சுப்பாதை விபத்துகளில் மதிப்பீடு செய்யாததும், செய்தும் அதற்கேற்ற மாற்றுத் திட்டம் இல்லாததும் திரும்பத் திரும்ப வருகின்றன. 3 செ.மீ. என்று எழுதிவிட்டு எப்போதும்போலவே ஊசி போட்டால் எழுதி என்ன பயன்? ஏ திட்டம் போனால் பி திட்டம் என்ன, அந்தக் கருவி அறைக்குள் இருக்கிறதா, யாரைக் கூப்பிடுவீர்கள்? இதை மயக்கம் கொடுக்கும் முன் டீமிடம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். சரி, நம் சண்டையில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கும் இதே டெஸ்டுகளா?

பெரியவர்கள் மட்டும் என்று சொல்லியிருந்தேன். குழந்தைகள் மயக்கவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீண்டகாலச் சர்க்கரையில் மூட்டுகள் இறுகலாம். கும்பிடும் நிலையில் கைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள், விரல்களும் உள்ளங்கைகளும் ஒட்டாமல் இடைவெளி விட்டால் கழுத்தையும் சந்தேகியுங்கள்.

கேள்வி: சார், மாலம்பட்டி...

மேலே.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது, பல்செட் வைத்திருக்கிறார். ஆபரேஷன் அன்று கழற்ற வேண்டுமா?

பல்செட் இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆடுகிற பல் இருந்தால் அதையும். பல் இல்லாத வாயில் டியூப் போடுவது பெரும்பாலும் சுலபம், மாஸ்க் ஒட்டுவதுதான் சிரமம், கன்னம் உள்ளே ஒடுங்கிவிடும். அதனால் சில மருத்துவர்கள் மாஸ்க் வைத்து முடிக்கும்வரை நன்றாகப் பொருந்திய செட்டை வாயிலேயே விடச் சொல்வார்கள், சிலர் முன்பே கழற்றச் சொல்வார்கள். அவரைத் தூங்க வைக்கிறவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள், கழற்றியதைப் போட மூடியுள்ள டப்பா ஒன்று கொண்டுபோங்கள்.