ஓலையை மடித்துப் பாருங்கள்

வணக்கம் சார்,

மன்னார்குடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். ஆறு வருஷம் ஆகிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சி பேனர் என்று இதையே மாற்றி மாற்றிச் செய்கிறேன். ராத்திரி வீட்டில் இன்ஸ்டாகிராமிலும் பின்டரெஸ்டிலும் வெளிநாட்டு டிசைனர்களின் வேலையைப் பார்த்துச் சேமித்து வைப்பேன். நாலாயிரம் படத்துக்கு மேல் இருக்கும். மறுநாள் கணினி முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. சென்னை, பெங்களூர் போனால்தான் கற்பனை வருமா? தினமும் புதிதாக ஏதாவது தோன்ற என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

நாலாயிரம் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். என்னிடம் இரண்டாயிரம்தான் இருந்தது. போன வருஷம் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து எல்லாம் போயிற்று. இரண்டு நாள் துக்கம். மூன்றாம் நாள், போனதில் எவையெல்லாம் நினைவிருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். ஐந்தைத் தாண்டவில்லை. அதிலும் இரண்டு, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட ஒரு மதியம் நானே எடுத்த லாரி முதுகுகள். (அந்த கேட்டில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு நாவல் எழுதியிருக்கலாம்.)

சேமிப்பைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், ‘இதையே மாற்றி மாற்றி’ என்பது. பத்தடிக்கு எட்டடி, வாட்ஸப்பில் வந்த மங்கலான போட்டோ, தாய்மாமன்கள் பதினோரு பேரின் படம், விடிவதற்குள் கட்டியாக வேண்டும். இதெல்லாம் கற்பனைக்குத் தடை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பக்கத்தில் எதையெல்லாம் நின்று பார்க்கிறோமோ, அதெல்லாம் ஓர் அளவுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் செய்ததுதான்.

சுவாமிமலைக்குப் போயிருப்பீர்கள். நான் கேட்பது கோயிலை அல்ல, உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறையை. சிலை எவ்வளவு உயரமோ அந்த நீளத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். சிலை அரையடியானாலும் ஆறடியானாலும் மடிப்புக் கணக்கு அதேதான். உங்கள் கணினியில் கிரிட் என்று கோடு கோடாக வருகிறதே, அதே வேலை. கரண்ட் வேண்டாம். அப்புறம் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். அந்த மண் அவ்வளவு நைசாக இருப்பதால்தான் மெழுகில் கீறிய நகைவேலைகூட அப்படியே அச்சில் பதிகிறது. மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். ஃபோட்டோஷாப்பில் பழைய பிஎஸ்டி ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிற வசதி அங்கே கிடையாது. (உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்தத்தான்.)

அங்கிருந்து தாராசுரம் பக்கம்தான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். யானையும் காளையும் எதிரெதிராக ஒட்டி நிற்கும் சிற்பம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் தலை ஒன்றே. காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் யானை; யானையை மறைத்தால் காளை. ஏழெட்டு முறை போட்டோ எடுத்திருக்கிறேன். ஒருமுறை பென்சிலோடு உட்கார்ந்தபோதுதான், எந்தக் கோடு இரண்டு பிராணிக்கும் பொது என்று தேட வேண்டி வந்தது. படம் கேவலமாக வந்தது. ஆனால் அந்தத் தலையை இப்போதும் பார்க்காமல் போட்டுவிடுவேன். பதினோரு தாய்மாமன்களை ஒரே பேனரில் உட்காரவைப்பதும் இந்தத் தலைவலிதானே?

சென்னையைப் பற்றிக் கேட்டீர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி போன்றவர்கள் கணினி மொழிகளின் இலக்கணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது வாசல் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். கமலா கிரித்திவாசனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. ஒரு சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் சின்னக் கோலம் பெரிய கோலமாக வளரும் என்பதுதான் அதன் அடிப்படை. ‘15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி’ என்று என் அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்ததும் விதிதான். புள்ளி வைத்துவிட்டால் மாற்ற முடியாது. அதற்கப்புறம்தான் அவர் யோசிக்கவே ஆரம்பிப்பார். மன்னார்குடியில் எத்தனை வாசல் இருக்கிறது, கடைக்குப் போகிற வழியில் எண்ணிப் பாருங்கள்.

செய்வதற்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த கண்ணீர் அஞ்சலி வரும்போது மவுஸைத் தொடாமல், பேனர் வடிவத்தில் ஒரு காகிதத் துண்டை வெட்டி எட்டாக மடியுங்கள். எந்த மடிப்பில் முகம், எந்த மடிப்பில் பெயர் என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டு நிறம், ஒரே ஃபான்ட். இறந்தவர் பெயர் தெருமுனையிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். மேகம், மெழுகுவர்த்தி, ரோஜா எதுவும் வேண்டாம்.

வந்தவர் “புறா எங்கே தம்பி?” என்று கட்டாயம் கேட்பார். வாதாடாதீர்கள், துக்க வீட்டுக்காரர். ஒரு புறா வைத்துக் கொடுத்துவிடுங்கள், ஆனால் அது மடிப்புக்குள் உட்காரட்டும்.