4294967297: ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

கேள்வி: சார், பார்த்தால் ஏதோ போன் நம்பர் மாதிரி இருக்கிறது. இதில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: பத்து இலக்கம் அல்லவா, அதனால் அப்படித் தெரிகிறது! முப்பத்திரண்டு 2-களைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது இது: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்து நிற்கிறது. அந்த ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்க அப்படித்தான் போகும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். ஆறாவதிலேயே சறுக்கல். 1732-இல் கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாமல் 641-ஐப் பிடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவதே மாட்டிக்கொள்கிறது.

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 128 + 1. ஆக 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது முழுதாக வகுபட 1 குறைகிறது. நான்காம் அடுக்குக்குப் போனால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. சரி, 641 என்பது 625 + 16-உம்கூட. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காத கணக்கு.

கேள்வி: என் புரோகிராம் ஃபெர்மா சோதனை செய்து இதைப் பகா எண் என்கிறதே?

பதில்: ஓர் அடிமான எண்ணை, சோதிக்கும் எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. நீங்கள் அடிமானமாக 2-ஐ வைத்திருப்பீர்கள். இந்த எண்ணால் வகுத்தால் 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு மீதி 1. 4294967297-இலிருந்து 1 கழித்தால் வரும் அடுக்கோ 64-இன் மடங்கு. பிறகு சோதனையில் தேறாமல் என்ன செய்யும்? 3-ஐ வையுங்கள், குட்டு உடைந்துவிடும்.

கேள்வி: வகுத்திகள் எத்தனை?

பதில்: நாலே நாலு. கூட்டினால் 4301668356.

கேள்வி: இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத வருமா?

பதில்: 65536² + 1² கண்ணெதிரே இருக்கிறது. இன்னொன்று 62264² + 20449². பகா எண்ணுக்கு ஒரு வழிக்கு மேல் கிடையாது. இரண்டாவது வழி கிடைத்ததே இது பகு எண் என்பதற்குச் சாட்சி. அப்புறம், அந்த 20449 தானே 143-இன் வர்க்கம்!

கேள்வி: பக்கத்து எண்களில் ஏதாவது?

பதில்: 2 கழித்துப் பாருங்கள். 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. முன்னால் சொன்ன ஐந்து பேரும் அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் அத்தனை பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம், கோட்பாட்டளவில். 4294967297 பக்கங்களுக்கு அது நடக்காது.