பழைய நூல்களைக் கழிப்பது பற்றி

டீச்சர், பள்ளி நூலகத்தில் நான்கு பீரோ நிறையப் பழைய புத்தகம், எடுத்துப் போட்டால் ஆடிட்டில் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருந்தீர்கள். பயம் வேண்டாம், முதலில் இருப்புப் பதிவேட்டைக் கையில் எடுங்கள். கழிக்க நினைப்பவற்றின் பதிவு எண், தலைப்பு, விலை, காரணம் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அப்புறம் பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே தேதியோடு குறியுங்கள். வரியை அடித்துவிடாதீர்கள்.

செல்லரித்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் இன்றே தனியே வையுங்கள், பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவிவிடும். அறிவியல், பொது அறிவு என்றால் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 2006க்கு முந்தையது புளூட்டோவையும் சேர்த்து ஒன்பது கோள் என்று சொல்லும். 2014க்கு முந்தைய இந்திய வரைபடத்தில் தெலங்கானா இருக்காது. நம் தமிழ்நாட்டு மாவட்டங்களோ இப்போது 38, பழைய புத்தகத்தில் குறைவாக இருக்கும். பிள்ளைகள் இந்தப் பழைய தகவலை நம்பித் தேர்வில் எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கதைப் புத்தகத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம். என்னிடம் ஒரு நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு, ஓரமெல்லாம் விரல் அழுக்கு, முதுகு பிய்ந்து நூல் தொங்கியது. கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டிக் கொடுத்தேன், இன்றும் அலமாரியில் தங்குவதே இல்லை. பள்ளி ஆண்டு மலர்கள், ஊர் வரலாறு இருந்தால் எவ்வளவு பழசானாலும் கழித்துவிடாதீர்கள்.